சைல்ட் தீம்: தீமின் கோப்பில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது, படிப்படியாக

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பேர் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். ஒருவர் தோட்டக் கோயிலுக்கு வலைப்பூ நடத்துகிறார். இன்னொருவர் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எழுதுகிறார். செம்பனை வருவதற்கு முன்னால், பால்மரக் காலத்தில் எடுத்த லயத்துப் படங்களைச் சேர்த்துப் போடும் ஒரு ஆசிரியையும் உண்டு. எல்லாரும் வலைப்பூ நடத்த வைத்திருப்பது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள். எல்லாரும் தடுக்கி விழுவதும் ஒரே இடத்தில்தான்.

தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுதி. அதன் கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், அடிப்பகுதியில் கோயில் முகவரியைச் சேர்க்கிறார்கள், நிறத்தை மாற்றுகிறார்கள். அழகாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத் தீமுக்கு அப்டேட் வருகிறது, பொத்தானை அழுத்துகிறார்கள், எல்லாம் போய்விடுகிறது. "அண்ணே, என் பக்கம் பழையபடி ஆகிப்போச்சு" என்று இரவு பதினோரு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வரும். எனக்கும் முதல் வலைப்பூவில் இதேதான் நடந்தது. மூன்று வார வேலை ஒரு நொடியில் போனது.

காரணம் எளிது. தீமை அப்டேட் செய்யும்போது வேர்ட்பிரஸ் பழைய ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டுப் புதிய ஃபோல்டரை வைக்கிறது. நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. சைல்ட் தீம் என்பது உங்கள் திருத்தங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் தனி ஃபோல்டர். மற்ற எல்லாவற்றையும் அது தாய்த் தீமிடமிருந்து, அதாவது நீங்கள் முதலில் நிறுவிய தீமிடமிருந்து, எடுத்துக்கொள்ளும். தாய்த் தீமுக்கு அப்டேட் வந்தாலும் இந்த ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். சிக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு படியைத் தப்பாகச் செய்தவர்கள் அல்லர், ஆறாவது படியை இரண்டாவதாகச் செய்தவர்கள்.

1. உங்களுக்குச் சைல்ட் தீம் தேவைதானா என்று பாருங்கள்

நிறம், எழுத்தின் அளவு என்று நாலைந்து வரி சிஎஸ்எஸ் (தோற்றத்தைச் சொல்லும் மொழி) மட்டும் மாற்ற வேண்டுமென்றால் சைல்ட் தீம் வேண்டாம். தீமின் அமைப்புகளை மாற்றும் பக்கமான கஸ்டமைசரில் 'அடிஷனல் சிஎஸ்எஸ்' என்ற பெட்டி இருக்கிறது. அங்கே எழுதுவது டேட்டாபேஸில் சேமிக்கப்படுகிறது, தீம் அப்டேட்டில் அழியாது.

உங்கள் தீம் பிளாக் தீமாக, அதாவது தலைப்பகுதி, அடிப்பகுதி எல்லாவற்றையும் எடிட்டரிலேயே மாற்றக்கூடிய வகையாக, இருந்தாலும் பெரும்பாலும் தேவைப்படாது. டுவென்டி டுவென்டி-டூ முதல் வேர்ட்பிரஸின் ஆண்டுத் தீம்கள் எல்லாம் பிளாக் தீம்கள்தான். 'அப்பியரன்ஸ்' மெனுவில் 'எடிட்டர்' என்று இருந்தால் உங்களுடையதும் அந்த வகை. அந்த எடிட்டரில் (சைட் எடிட்டர்) செய்யும் மாற்றங்களும் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன.

பிஎச்பி கோப்பு (வேர்ட்பிரஸை எழுதிய நிரல்மொழியில் உள்ள கோப்பு) எதையாவது மாற்ற வேண்டும், தலைப்பகுதியையோ அடிப்பகுதியையோ உங்கள் விருப்பப்படி அமைக்க வேண்டும், சிஎஸ்எஸ் நூறு வரியைத் தாண்டுகிறது என்றால் சைல்ட் தீம் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் பிளாக் அல்லாத பழைய வகைத் தீமுக்கு. அதிலும் சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தின் கோப்புகளை வைக்க நீங்களே எடுத்த சர்வர் இடம்) வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முழு பேக்கப் ஒன்று எடுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் கருவி) போதும். கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். அதை ஹோஸ்டிங்கிலேயே விட்டுவிடாமல் உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள்.

ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜருக்குள் நுழையும் வழி தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் இருக்கும். நுழைந்து பார்த்து, 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் 'தீம்ஸ்' ஃபோல்டர் தெரிகிறதா என்று இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். தளம் முடங்கிய பிறகு கடவுச்சொல்லைத் தேட ஆரம்பித்தால் அந்த இரவு தூக்கம் போய்விடும்.

அடுத்தது, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஜெனரல்' பக்கத்தைத் திறந்து நிர்வாகி மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பேன். கோயில் வலைப்பூக்களில் அது எப்போதோ பதவி விட்டுப் போன செயலாளரின் மின்னஞ்சலாக இருக்கும். தளத்தில் பெரிய பிழை வந்தால் அதைச் சரிசெய்யும் இணைப்பை வேர்ட்பிரஸ் அந்த முகவரிக்குத்தான் அனுப்பும். அவர் ஜொகூரில் மகள் வீட்டில் இருப்பார், நீங்கள் இங்கே வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுதுவதற்கு நோட்பேட்++ அல்லது விஎஸ் கோட் வைத்துக்கொள்ளுங்கள். வேர்டில் எழுதாதீர்கள். நேர் மேற்கோள்குறியை அது வளைந்த குறியாக மாற்றிவிடும், பிஎச்பிக்கு அது புரியாது. நிரலை நண்பருக்குப் புலனத்தில் அனுப்பி அங்கிருந்து காப்பி எடுப்பதும் வேண்டாம். வழியில் ஏதாவது ஒரு குறி மாறிவிட்டால் எது மாறியது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். டெக்ஸ்ட் கோப்பாகவே அனுப்புங்கள்.

கடைசியாக, கஸ்டமைசரின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். லோகோ, நிறங்கள், மெனு எந்த இடத்தில் இருக்கிறது, அடிஷனல் சிஎஸ்எஸ் பெட்டியில் உள்ளது, எல்லாமே. சிஎஸ்எஸ்ஸைப் படமாக எடுத்தால் போதாது, காப்பி எடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டி வையுங்கள். ஏன் என்பது ஆறாவது படியில் தெரியும்.

3. தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரைக் கண்டுபிடியுங்கள்

தீமின் பெயர் வேறு, ஃபோல்டர் பெயர் வேறு. சைல்ட் தீமுக்கு வேண்டியது ஃபோல்டர் பெயர். டுவென்டி டுவென்டி-ஒன் தீமின் பெயரில் இடைவெளி உண்டு, இடைக்கோடு உண்டு, பெரிய எழுத்தும் உண்டு. அதன் ஃபோல்டர் பெயரில் இவை எதுவும் இல்லை. மூன்று சொல்லும் சிறிய எழுத்தில் ஒட்டி ஒரே சொல்லாக இருக்கும்.

ஃபைல் மேனேஜரில் தீம்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அந்தப் பெயர் அப்படியே தெரியும். இன்னொரு வழியும் இருக்கிறது. 'அப்பியரன்ஸ்' பகுதியில் தீம் படத்தின் மேல் 'தீம் டீட்டெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்கிவிட்டு, உலாவியின் முகவரிப் பட்டியைப் பாருங்கள். சமக்குறிக்குப் பின்னால் வருவதுதான் ஃபோல்டர் பெயர். அங்கிருந்தே காப்பி எடுங்கள். கையால் தட்டாதீர்கள். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஓர் எழுத்து மாறினாலும் 'தாய்த் தீம் இல்லை' என்று சொல்லிவிடும்.

4. ஃபோல்டரையும் ஸ்டைல் கோப்பையும் உருவாக்குங்கள்

உங்கள் கணினியில் புது ஃபோல்டர் ஒன்றைத் திறங்கள். தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரோடு இடைக்கோடு போட்டு 'சைல்ட்' என்று சேர்த்தால் போதும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். நான் இங்கே உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன். கோப்பின் பெயரையும் நிரலையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அதற்குள் 'ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ்' என்ற கோப்பு. விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு மறைந்திருக்கும் என்பதால், நீங்கள் ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ் என்று நினைத்துச் சேமித்தது உண்மையில் 'ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ் டாட் டிஎக்ஸ்டி' ஆக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு புது ஆளிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கோப்பின் முதல் வரியில் /* என்று தொடங்கி, */ என்று முடியும் ஒரு தொகுதி வர வேண்டும். அதற்குள் இரண்டு வரி கட்டாயம். ஒன்று 'தீம் நேம்', முக்காற்புள்ளி, பிறகு நீங்கள் வைக்கும் பெயர். மற்றொன்று 'டெம்ப்ளேட்', முக்காற்புள்ளி, பிறகு மூன்றாவது படியில் காப்பி எடுத்த ஃபோல்டர் பெயர். இந்த 'டெம்ப்ளேட்' வரிதான் இது யாருடைய சைல்ட் என்று சொல்கிறது. அது இல்லையென்றால் வேர்ட்பிரஸ் இதைத் தனித் தீம் என்றே நினைக்கும், உள்ளே வேறு கோப்பு எதுவும் இல்லாததால் உடைந்த தீம் என்று ஒதுக்கிவிடும். மூன்றாவதாக 'வெர்ஷன்' என்ற வரியும் போட்டு 1.0 என்று எழுதுங்கள். கட்டாயமில்லை, ஆனால் பின்னால் கை கொடுக்கும்.

தொகுதிக்குக் கீழே, பக்கம் முழுவதையும் குறிக்கும் 'பாடி' என்பதற்கு மேல்விளிம்பாக 10 பிக்சல் சிவப்புக் கோடு வரும்படி ஒரே ஒரு சிஎஸ்எஸ் விதி எழுதுங்கள். இப்போதைக்கு வேறு எதுவும் வேண்டாம். இந்தக் கோடு அழகுக்கு இல்லை, ஏழாவது படியில் இது ஒரு சோதனைக் கருவி.

5. ஜிப் செய்து ஏற்றுங்கள்

ஃபோல்டரின் மேல் வலச்சொடுக்கு செய்து ஜிப் ஆக்குங்கள். அப்புறம் 'அப்பியரன்ஸ்', 'தீம்ஸ்', புதுத் தீம் சேர்க்கும் பொத்தான், 'அப்லோட் தீம்' என்ற வரிசையில் போய் ஏற்றுங்கள்.

'ஸ்டைல் கோப்பு இல்லை, நிறுவ முடியவில்லை' என்று வந்தால் பதற வேண்டாம். ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்து, அதற்குள் உங்கள் கோப்பு இருக்கிறது. ஜிப்பைத் திறந்தால் முதலில் சைல்ட் ஃபோல்டர், அதைத் திறந்தவுடன் ஸ்டைல் கோப்பு, இப்படித்தான் இருக்க வேண்டும்.

தாய்த் தீமை முதலிலேயே நிறுவியிருப்பது நல்லது. வேர்ட்பிரஸின் இலவசத் தீம் தொகுப்பில் இருக்கும் தீம் என்றால், சைல்டை ஏற்றும்போது தாய் இல்லை என்று கண்டு வேர்ட்பிரஸே அதை இறக்கி நிறுவப் பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய தீமுக்கு அது நடக்காது. நீங்கள்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய தீம்களில் பலவற்றோடு சைல்ட் தீம் ஒன்றும் தயாராகவே வரும். இறக்கிய ஜிப்பை விரித்துப் பாருங்கள். இருந்தால் மூன்றாவது, நான்காவது படிகளை விட்டுவிட்டு அதையே ஏற்றலாம். சிவப்புக் கோட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆக்டிவேட் செய்யும்போது காணாமல் போவது எது

ஆக்டிவேட் செய்தவுடன் பாதிப் பேர் அலறுவது இங்கேதான். லோகோ இல்லை, நிறம் மாறிவிட்டது, அடிஷனல் சிஎஸ்எஸ் பெட்டி காலி. எதுவும் அழியவில்லை. கஸ்டமைசர் அமைப்புகளை வேர்ட்பிரஸ் ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. உங்கள் சைல்ட் அதன் கண்ணுக்குப் புதுத் தீம், ஆகவே அதன் பெட்டி காலியாக இருக்கிறது. தாய்த் தீமுக்குத் திரும்பினால் பழையதெல்லாம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது படியில் எடுத்த படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக வையுங்கள். மெனுக்கள் இருக்கும், ஆனால் எந்த மெனு எந்த இடத்தில் என்பதைச் சரிபாருங்கள். விட்ஜெட்டுகள் (பக்க ஓரத்திலும் அடியிலும் வைக்கும் சிறு பெட்டிகள்) பெரும்பாலும் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும், இருந்தாலும் ஒரு கண் போடுங்கள்.

இதனால்தான் திருத்த வேலை தொடங்கும் முன்பே சைல்ட் தீம் போடச் சொல்கிறேன். வலைப்பூ தொடங்கிய முதல் நாளில் போட்டால் இந்தப் படி 5 நிமிடம். இரண்டு வருடம் கழித்துப் போட்டால் ஒரு மாலை முழுக்கப் போகும். அப்படி வருகிறவர்களுக்கு 'சைல்ட் தீம் கான்ஃபிகரேட்டர்' என்ற பிளக்இனைச் சொல்வேன். 'டூல்ஸ்' மெனுவில் உட்காரும். தாய்த் தீமை ஆராய்ந்து சைல்டை அதுவே உருவாக்கித் தரும், மெனு, விட்ஜெட், கஸ்டமைசர் அமைப்புகளைத் தாயிடமிருந்து காப்பி எடுக்கும் தேர்வும் அதில் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை கையால் செய்து பாருங்கள். பிளக்இன் தடுமாறும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

திருவிழா வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் காவடி நேரம் பார்க்க ஊரே உங்கள் பக்கத்துக்கு வரும்.

7. சிவப்புக் கோடு சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை நிதானமாகப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சைல்ட் தீம் குழப்பங்களில் பெரும்பகுதி, எந்த ஸ்டைல் கோப்பு ஏறுகிறது, எது ஏறவில்லை என்பதுதான். இணையத்தில் கிடைக்கும் நிரலை எல்லாரும் ஒரே மாதிரி ஒட்டுகிறார்கள். ஆனால் எல்லாத் தீமுக்கும் ஒரே நிரல் பொருந்தாது.

தாய்த் தீம் தன் ஸ்டைல் கோப்பை அழைக்கும் விதம் இரண்டு. ஒரு வகைத் தீம், 'இப்போது ஆக்டிவாக இருக்கும் தீமின் ஸ்டைலைக் கொண்டு வா' என்று கேட்கும். சைல்ட் ஆக்டிவ் என்றால் சைல்டின் கோப்புதான் வரும், தாயுடையது வராது. டுவென்டி டுவென்டி அப்படிப்பட்டது. இன்னொரு வகை, 'தாய் ஃபோல்டரில் இருக்கும் ஸ்டைலைக் கொண்டு வா' என்று கேட்கும். அப்போது தாயுடையது வரும், சைல்டுடையது வராது. டுவென்டி டுவென்டி-ஒன் இந்த வகை. இரண்டையும் தானே ஏற்றிக்கொள்ளும் தீம்களும் இருக்கின்றன.

உங்கள் தளத்தைத் தனிச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில், திறந்து பாருங்கள்.

தளம் பழையபடி அழகாக இருக்கிறது, உச்சியில் சிவப்புக் கோடும் தெரிகிறது என்றால் இரண்டு கோப்பும் ஏறுகின்றன. எதுவும் செய்ய வேண்டாம். எட்டாவது படியில் ஸ்டைல் ஏற்றும் பகுதியை விட்டுவிடுங்கள்.

சிவப்புக் கோடு இருக்கிறது, ஆனால் தளம் உரித்த கோழி மாதிரி வெறும் எழுத்தாக நிற்கிறது என்றால் தாயின் ஸ்டைல் ஏறவில்லை. அதை நீங்கள் ஏற்ற வேண்டும்.

தளம் அழகாக இருக்கிறது, கோடு மட்டும் இல்லை என்றால் சைல்டின் ஸ்டைல் ஏறவில்லை. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். கேஷ் பிளக்இன் (பக்கத்தின் பழைய நகலைச் சேமித்துக் காட்டுவது) இருந்தால் அதன் சேமிப்பைத் துடைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் கோடு வரவில்லை என்றால் மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஃபங்ஷன்ஸ் கோப்பு

சைல்ட் ஃபோல்டரில் 'ஃபங்ஷன்ஸ் டாட் பிஎச்பி' என்ற கோப்பை உருவாக்குங்கள். முதல் வரியின் முதல் எழுத்திலிருந்தே பிஎச்பி தொடக்கக் குறி வர வேண்டும். அதற்கு முன்னால் காலி வரி ஒன்று இருந்தாலும் 'ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கை வந்து உள்நுழைவதே சிக்கலாகிவிடும். சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று தேர்வு செய்யுங்கள், 'பிஓஎம்' சேர்த்தது வேண்டாம். அந்த பிஓஎம்மும் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் உட்காரும் எழுத்துதான்.

ஸ்டைல் கோப்பை ஏற்றும் நிரல் வேர்ட்பிரஸின் தீம் கையேட்டில் 'சைல்ட் தீம்ஸ்' பகுதியில் தயாராக இருக்கிறது. அங்கிருந்து நேராகக் காப்பி எடுங்கள். தாயின் ஸ்டைல் வராதவர்கள் 'கெட் பேரன்ட் தீம் ஃபைல் யூஆர்ஐ' என்று வரும் நிரலை எடுங்கள். சைல்டின் ஸ்டைல் வராதவர்கள் 'கெட் ஸ்டைல்ஷீட் யூஆர்ஐ' என்று வருவதை எடுங்கள்.

இரண்டாவது கூட்டத்தாருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. சைல்டின் ஃபங்ஷன்ஸ் கோப்பு தாயுடையதற்கு முன்னால் ஓடுகிறது. ஆகவே உங்கள் ஸ்டைல் முதலில் ஏறி, தாயின் ஸ்டைல் அதற்குப் பிறகு ஏறும். சிஎஸ்எஸ்ஸில் சம பலமுள்ள விதிகளில் கடைசியாக வந்தது ஜெயிக்கும். சிவப்புக் கோடு தெரியும், ஆனால் மற்ற மாற்றங்கள் பலிக்காது. 'ஆட் ஆக்‌ஷன்' வரியின் கடைசியில், மூடும் அடைப்புக்கு முன்னால், காற்புள்ளி போட்டு 20 என்று சேர்த்தால் தீரும். எண் எதுவும் தராவிட்டால் 10 என்று கணக்கு. எண் பெரிதாக இருந்தால் பின்னால் ஓடும்.

தாயின் ஃபங்ஷன்ஸ் கோப்பைக் காப்பி எடுத்து இங்கே வைக்காதீர்கள். மற்ற கோப்புகளில் சைல்டுடையது தாயுடையதை மாற்றி நிற்கும். ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் இரண்டுமே ஓடும். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் (பெயர் வைத்த நிரல் துண்டு) வந்தால் தளம் அந்த நொடியே முடங்கும். அதே காரணத்தால் உங்கள் ஃபங்ஷன்களுக்கு உங்கள் ஊரின் பெயரையோ வலைப்பூவின் பெயரையோ முன்னால் ஒட்டிப் பெயர் வையுங்கள்.

சோதனை முடிந்ததும் சிவப்புக் கோட்டை எடுத்துவிடுங்கள்.

9. தமிழுக்காகச் செய்ய வேண்டிய முதல் மாற்றங்கள்

பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் அதில் நெருக்கடியில் நிற்கும். கோயில் வலைப்பூ ஒன்றில் 'தைப்பூசத் திருநாளில் நம் தோட்டத்துக் காவடிகள்' என்ற தலைப்பு கைப்பேசியில் இரண்டு வரியாக மடிந்தது. மேல்வரியில் 'பூ'வின் கீழ்ச்சுழி, அடியில் இருந்த எழுத்தின் மேல்கொக்கியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. வயதானவர்களுக்குப் படிக்கவே வரவில்லை. 'லைன்-ஹைட்' தலைப்புக்கு 1.2 என்று இருந்ததுதான் காரணம். தலைப்புக்கு 1.5, உடற்பகுதிக்கு 1.8 வைத்தோம். மூச்சு விட இடம் கிடைத்தது.

அடுத்து, தலைப்புகளுக்கு 'லெட்டர்-ஸ்பேசிங்' கழித்தல் எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அது நாகரிகம். தமிழில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைச் சுழியமாக்குங்கள்.

எழுத்துருவுக்கு அவசரப்பட்டு வெளியிலிருந்து கோப்புகளை இழுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. இந்த மூன்றையும் 'ஃபான்ட்-ஃபேமிலி' வரிசையில் எழுதினால் எதையும் இறக்காமலேயே பக்கம் திறக்கும். தோட்டத்துக்குள் கைப்பேசி லைன் ஒரு கோடு, இரண்டு கோடுதான் காட்டும். அங்கே இருந்து படிப்பவர்தான் உங்கள் முதல் வாசகர், அவருக்காக எடையைக் குறையுங்கள்.

மூன்றாவது, முகப்பில் வரும் சுருக்கம். வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொல். தமிழில் சொற்கள் நீளமானவை. 55 சொல் கைப்பேசியில் ஒரு திரையை விழுங்கிவிடும். 'எக்சர்ப்ட் லெங்த்' என்ற ஃபில்டரை ஃபங்ஷன்ஸ் கோப்பில் சேர்த்து 25 என்று திருப்பித் தரச் சொல்லுங்கள். மூன்றே வரி வேலை. அந்த ஆசிரியையின் படப் பக்கத்தில் இதைச் செய்த பிறகு ஒரு திரையில் மூன்று பதிவுகள் தெரிந்தன, முன்பு ஒன்றுதான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு தளத்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். ஐந்தை ஒரேயடியாக மாற்றிவிட்டு ஒன்று கெட்டால் எது கெடுத்தது என்று தெரியாது. மாற்றம் தெரியவில்லை என்று வாசகர்கள் சொன்னால் ஸ்டைல் கோப்பில் 'வெர்ஷன்' வரியை 1.1 ஆக்குங்கள். பல தீம்களில் அந்த எண் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போவதால், எண் மாறினால் உலாவி புதுக் கோப்பைக் கேட்கும்.

10. டெம்ப்ளேட் கோப்பை மாற்றுவது

அடிப்பகுதியை மாற்ற வேண்டும் என்றால் தாய் ஃபோல்டரிலிருந்து 'ஃபுட்டர் டாட் பிஎச்பி'யைக் காப்பி எடுத்துச் சைல்ட் ஃபோல்டரில் வையுங்கள். திருத்துவது சைல்டில் இருக்கும் காப்பியை. வேர்ட்பிரஸ் முதலில் சைல்டில் தேடும், இருந்தால் அதை எடுக்கும், இல்லையென்றால் தாயிடம் போகும்.

கோப்பு தாயில் ஓர் உள்ஃபோல்டருக்குள் இருந்தால் சைல்டிலும் அதே பெயரில் உள்ஃபோல்டர் வேண்டும். மேலே தனியாக வைத்தால் அதை யாரும் சீந்தமாட்டார்கள்.

தேவைப்படும் கோப்பை மட்டும் எடுங்கள். ஒருவர் 'பின்னால் உதவும்' என்று தாயின் எல்லாக் கோப்புகளையும் சைல்டில் கொட்டி வைத்திருந்தார். அப்படிச் செய்தால் தாய்க்கு வரும் திருத்தம் எதுவும் உங்கள் தளத்தில் தெரியாது, பாதுகாப்புத் திருத்தமும் சேர்த்துத்தான்.

11. தளம் முடங்கினால்

'இந்தத் தளத்தில் பெரிய பிழை' என்று ஆங்கிலத்தில் வந்தால் முதலில் நிர்வாகி மின்னஞ்சலைப் பாருங்கள். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், பிழை வந்த தீமையோ பிளக்இன்னையோ ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே நுழைய ஓர் இணைப்பு அதில் வரும். ஸ்பேம் பெட்டியிலும் தேடுங்கள்.

மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஃபைல் மேனேஜருக்குப் போய், கடைசியாகத் திருத்திய கோப்பின் பெயரை மாற்றுங்கள். ஃபங்ஷன்ஸ் கோப்பு என்றால் அதன் பெயரின் பின்னால் 'ஓல்ட்' என்று சேர்த்தால் போதும். தளம் உடனே எழுந்துவிடும். பிறகு நிதானமாகப் பிழையைத் தேடலாம். பெரும்பாலும் அது விட்டுப்போன அரைப்புள்ளி, மூடாத அடைப்பு, வளைந்த மேற்கோள்குறி, இந்த மூன்றில் ஒன்று.

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபைல் மேனேஜரில் தாய்த் தீமை அழித்துவிடாதீர்கள். டாஷ்போர்டிலிருந்து அழிக்கப் பார்த்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பொத்தானையே காட்டாது. ஃபைல் மேனேஜரில் அப்படிக் காவல் இல்லை.

12. தாய்க்கு அப்டேட் வரும்போது

பயப்படாமல் அப்டேட் செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இவ்வளவு பாடுபட்டதே அதற்காகத்தான். செய்வதற்கு முன் பேக்கப் எடுங்கள். செய்த பிறகு முகப்பு, ஒரு பதிவு, ஒரு பக்கம், ஆக மூன்றையும் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

பத்தாவது படியில் காப்பி எடுத்த கோப்புகள் இருந்தால், அவற்றின் தாய்ப் பதிப்பு மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விஎஸ் கோடில் இரண்டு கோப்பையும் தேர்ந்தெடுத்து 'கம்பேர் செலக்டட்' என்று சொன்னால் மாறிய வரிகள் நிறத்தோடு தெரியும். மாறியிருந்தால் புதுக் கோப்பைக் காப்பி எடுத்து, உங்கள் திருத்தத்தை அதில் மறுபடி சேருங்கள். இதற்காகவே நான் திருத்திய ஒவ்வொரு வரிக்கும் மேலே தேதியும் காரணமும் போட்டு ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன். கோயிலுக்கு அடுத்த ஆண்டு புதுச் செயலாளர் வந்து அந்தக் கோப்பைத் திறக்கும்போதும் அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும்.